தீவிரமா, வலுவா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசிமேட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுப்பவள் நான். மழைக்காலம் வந்தால் உங்கள் வானிலைச் செய்திகளில் ‘தீவிரமடைந்தது’ என்ற சொல் நாள் தவறாமல் வருகிறது. அதை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஓர் ஐப்பசிக் காலை, ஏழு மணி இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா வேறொரு நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். அவர் வீட்டுக்காரர் போன விசைப்படகு ஆந்திரப் பக்கம் தொழிலில் இருந்தது. ‘வங்கக் கடலில் தீவிரமடைந்தது’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. “தீவிரப் புயலாமேம்மா, கொஞ்சம் படிச்சுச் சொல்லு” என்றார். படித்தேன். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலமாக மாறியிருக்கிறது என்பதுதான் உள்ளே இருந்த செய்தி. இரண்டுமே புயலுக்குக் கீழே உள்ள படிகள். படகு இருந்த பக்கம் அது போகவும் இல்லை. ஆனாலும் மதியம் படகு கரைப் பக்கம் வந்து போன் கிடைக்கும் வரை அக்கா ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை.

அவர் படித்ததில் தப்பே இல்லை. ‘தீவிரப் புயல்’ என்பது வானிலைத் துறை ஒரு கட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொடும் வரை அது புயலே இல்லை. 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118-க்குப் போனால் மிகத் தீவிரப் புயல். ஆங்கில அறிக்கையில் ‘இன்டென்சிஃபைடு’ என்று வருவது, இருந்த படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறியது என்பதற்குத்தான். கீழ்ப்படியில் நடக்கும் அந்த ஏற்றத்துக்கும் நீங்கள் ‘தீவிரம்’ என்று எழுதினால், மேல்படியின் பெயரைத் தூக்கிக் கீழே வைத்ததாகிவிடுகிறது. சென்னை வானிலை மையத்தின் தமிழ் அறிக்கையில் ‘வலுப்பெறக்கூடும்’ என்றுதான் வருகிறது. அதை ஏன் மாற்ற வேண்டும்?

அந்த ஆங்கிலச் சொல்லே அவ்வளவு பழையது இல்லை. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் தன் கருத்துக்கு ஏற்ற சொல் அகராதியில் கிடைக்காமல் 1817-ல் தானே உண்டாக்கிக்கொண்டது. நம்மிடம் அந்தக் குறை இல்லை. மழை வலுக்கிறது. வெயில் ஏறுகிறது. வலி கூடுகிறது. சண்டை முற்றுகிறது. நிறம் அடர்கிறது. மீன் குழம்பை ஒரு ராத்திரி வைத்திருந்தால் ருசி ஏறுகிறது. எது எப்படி அதிகமாகிறது என்பதை வினைச்சொல்லே சொல்லிவிடும். இத்தனையையும் ஒதுக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் ‘தீவிரம்’ போடுகிறோம். என் மாணவர்களும் அதையே படித்துப் படித்து, சண்டையும் தீவிரமடைந்தது, பசியும் தீவிரமடைந்தது என்று மொழிபெயர்த்து வைக்கிறார்கள். திருத்தும்போது மனசு கஷ்டப்படுகிறது.

இன்னொன்று. அந்த ஆங்கில வினை தானாகக் கூடுவதற்கும் வரும், ஒருவர் கூட்டுவதற்கும் வரும். தமிழில் ‘தீவிரமடைந்தது’ வேறு, ‘தீவிரப்படுத்தினார்கள்’ வேறு. தலைப்பில் ‘பணி தீவிரம்’ என்று வெட்டிவிட்டால் யார் செய்தார்கள் என்பதே காணாமல் போய்விடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது, ‘எண்ணெய் அகற்றும் பணி தீவிரம்’ என்று படித்தோம். அங்கே படகில் உட்கார்ந்து மக்கால் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றியவர்கள் அந்த ஊர் மீனவர்கள். கை, கால் எல்லாம் கறுப்பு. ‘மீனவர்கள் அள்ளுகிறார்கள்’ என்று போட்டிருக்கலாமே.

புயல் வலுப்பெற்றது என்றால் காற்றின் வேகம் கூடியது என்றுதான் பொருள். கிட்டே வந்தது என்றோ, மழை கூடும் என்றோ அதற்கு அர்த்தம் இல்லை. 2015 டிசம்பர் 1 அன்று சென்னையே முழுகியபோது புயல் எதுவும் இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் காற்றாலேயே மரங்களைச் சாய்த்தது. மிக்ஜாம் ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்த்தான் கரையைக் கடந்தது, ஆனால் அதற்கு முந்தின நாள் இங்கே தெருவெல்லாம் தண்ணீர். ‘வலுவிழந்தது’ என்று போடும்போதும் மழை நிலவரத்தைத் தனியாக ஒரு வரி சொல்லுங்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் தரையில் இருக்கிற சாமானை மேலே ஏற்றாமல் விட்டுவிடுகிறார்கள்.

‘தீவிரம்’ என்பதைத் தீவிரப் புயலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி வலுப்பெற்றது, வலுத்தது என்று எழுதினால் போதும். கூடவே காற்றின் வேகம், இருக்கும் இடம், போகும் திசை மூன்றையும் தலைப்புக்கு அடியிலேயே போடுங்கள். அக்கா அன்றைக்கு அந்தப் பேப்பரில் தேடியது அதைத்தான். அது ஆறாவது பத்தியில் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
காசிமேடு, சென்னை.