கோதுமையை நிறுத்துவதற்கு முன்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, பதவி உயர்வு வந்த செய்தியிலேயே மனசு நிறைந்துபோய் மற்றதை வேகமாகத் தாண்டிவிட்டேன். இத்தனை வருஷம் நீ உழைத்த உழைப்புக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டியது. இரண்டாம் முறைதான் கவிதாவைப் பற்றி எழுதிய பத்தியில் கண் நின்றது. முகப்பருவுக்காக முதலில் சாக்லேட்டை விட்டாள், அப்புறம் பாலை விட்டாள், இப்போது கோதுமையையும் விட்டுவிட்டாள் என்கிறாய். 17 வயதுப் பெண்ணின் தட்டில் இன்னும் என்னதான் மிச்சம் இருக்கிறது? சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார் டாக்டர், எல்லாமே குடல்தான் என்கிறார்கள் அவள் பார்க்கும் வீடியோக்களில், நான் யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறாய்.

சம்பந்தமே இல்லை என்ற பேச்சுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1969-ல் அமெரிக்காவில் பரு உள்ள 65 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நாலு வாரம் தினமும் சாக்லேட் பார். ஒப்பிட்டுப் பார்க்க, சாக்லேட் இல்லாத இன்னொரு பார். பருவில் வித்தியாசம் தெரியவில்லை. சாக்லேட் மேல் தப்பில்லை என்று சொன்னது நாளடைவில் எந்தச் சாப்பாட்டின் மேலும் தப்பில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அந்த இன்னொரு பாரிலும் சர்க்கரையும் கொழுப்பும் கிட்டத்தட்ட அதே அளவு இருந்தன. அப்படியிருக்க வித்தியாசம் எங்கிருந்து தெரியும்?

பிறகு 2007-ல் ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையிலான 43 இளைஞர்களை 12 வாரம் கவனித்தார்கள். இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவைச் சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. அவர்களுக்கு எடையும் குறைந்தது, அதனால் முழுப் பெருமையும் உணவுக்கே என்று சொல்ல முடியாது. இருந்தாலும் காரணம் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. வெள்ளை மாவும் சர்க்கரையுமாகச் சாப்பிட்டால் இன்சுலின் சட்டென்று ஏறும், கூடவே ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனின் வேகமும் கூடும். இரண்டும் தோலின் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டிவிடும். பால் குடிப்பவர்களுக்குப் பரு கொஞ்சம் அதிகம் என்று சில கணக்கெடுப்புகள் சொல்கின்றன. நிறுத்தினால் போய்விடும் என்று அவை சொல்லவில்லை. அதனால் இனிப்புப் பானங்களைக் குறைக்கச் சொல், டாக்டர் கொடுத்த க்ரீமை விடாமல் போடச் சொல். பருவுக்கு என் யோசனை அவ்வளவுதான்.

கோதுமை விஷயம் வேறு. அதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது, உன்னிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

கல்லூரி முடிந்த பிறகு நான் எப்போதும் முழுக்கைச் சட்டையோடே இருப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு முழங்கைகளிலும், முழங்கால்களிலும், உட்காரும் இடத்திலும், இரு பக்கமும் ஒரே மாதிரி கடுகளவு கொப்புளங்கள் கொத்தாக வரும். வருவதற்கு முந்தின நாளே அந்த இடம் எரிய ஆரம்பித்துவிடும். தூக்கத்தில் என்னையறியாமல் சொறிந்துவிடுவேன். விடிந்து பார்த்தால் கொப்புளம் இருக்காது, காய்ந்த பொருக்குதான் இருக்கும். டாக்டரிடம் காட்ட அந்தப் பொருக்கைத் தவிர ஒன்றும் இல்லை. ஒருவர் சிரங்கு என்றார், ஒருவர் பூச்சிக்கடி என்றார், இன்னொருவர் சோப்பை மாற்றச் சொன்னார். ஆறு வருஷம் இப்படியே போயிற்று. எனக்காக வீட்டில் எல்லோருடைய போர்வையையும் எத்தனை தடவை வெந்நீரில் அலசினாள் அம்மா! வயிறு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். வயிற்றில் எனக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை.

கடைசியாகப் பார்த்த தோல் டாக்டர் பொருக்கை விட்டுவிட்டு அதன் ஓரத்தில் இருந்த நல்ல தோலில் விரலை வைத்து, இங்கேதான் எடுக்கவேண்டும் என்றார். மிளகளவு தோல். புண்ணை விட்டுவிட்டு நல்ல இடத்தில் வெட்டுகிறாரே என்று பதறினேன். அதுதான் முறையாம். மேல்தோலுக்குச் சற்றுக் கீழே ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் பொடிப்பொடியாகப் படிந்திருப்பது அங்கேதான் தெளிவாகத் தெரியும். புண்ணான இடத்தில் அது கலைந்துபோயிருக்கும். நோயின் பெயர் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். 1884-ல் டூரிங் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வைத்த பெயர். அதற்கப்புறம் 80 வருஷத்துக்கும் மேல் இதைத் தோலோடு நிற்கிற நோயாகத்தான் பார்த்தார்கள். இந்த நோயாளிகளின் சிறுகுடலும் கெட்டிருக்கிறது என்பது 1966-ல்தான் வெளியே வந்தது.

கோதுமை, பார்லி, ரை இவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிலருடைய சிறுகுடலில் உடலின் எதிர்ப்பைக் கிளப்பிவிடும். அதுதான் சீலியாக் நோய். அந்த எதிர்ப்பில் உருவாகும் எதிர்ப்பொருள் இரத்தத்தோடு போய்த் தோலில் படிந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் முழங்கையே சாட்சி. இரத்தம் சோதித்த பிறகு டாப்சோன் எழுதிக்கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். தொழுநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையும் அதுதான். மூன்றாம் நாள் அரிப்பு நின்றது. அன்றைக்கு விடியும்வரை தூங்கினேன் செல்வி, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக. ஆனால் அந்த மாத்திரை குடலைச் சரிசெய்யாது. கோதுமையை அடியோடு விட்டு ஒன்றரை வருஷம் ஆன பிறகுதான் மாத்திரையையும் விட முடிந்தது.

அப்படியானால் கவிதா செய்தது சரிதானே என்று கேட்பாய். இல்லை. சாதாரணப் பரு கோதுமையை விட்டதால் போகாது. என்னை உறுத்துவது நீ போகிற போக்கில் எழுதிய இன்னொரு வரி: ஒரு வருஷமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் அவளுக்கு ஹீமோகுளோபின் ஏறவில்லை, வயிறும் அடிக்கடி உப்பிக்கொள்கிறது. இரும்புச்சத்தை உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. சீலியாக் நோய் பெரும்பாலும் கைவைப்பதும் அங்கேதான். மாதவிடாயில் அதிகம் போவது போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம், பயந்துவிடாதே. ஆனால் பார்த்துவிட வேண்டும். டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அவள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அதன் முடிவை நம்பலாம். நிறுத்தி நாளாகிவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். மறுபடி சில வாரம் கோதுமை சாப்பிட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டி வரும்.

குடலைச் சுத்தம் செய்கிற பொடி வேண்டும் என்கிறாளாமே, அதை மட்டும் வாங்காதே. நாம் சாப்பிடும் நார்ச்சத்தைப் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. குடல்சுவரின் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியை முக்கியமாக அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. அவள் ஒவ்வொரு உணவாக விட விட அந்தச் செல்களுக்குத்தான் பட்டினி. பயறு, காய், பழம் இவற்றில் எதையும் அவள் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

உன் தம்பி குழந்தையின் கரப்பானுக்கும் (எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு) ஒரு வார்த்தை. அலர்ஜி வந்துவிடும் என்று பயந்து வேர்க்கடலையைத் தள்ளிவைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். பிரிட்டனில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில் கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகளைப் பார்த்தார்கள். ஒரு வயதுக்குள்ளேயே வேர்க்கடலை சாப்பிடத் தொடங்கியவர்களுக்குத்தான் 5 வயதில் அந்த அலர்ஜி மிகக் குறைவு. வெடித்த தோல் வழியாக முதலில் உள்ளே போனால் உடல் அதை எதிரியாக நினைக்கிறது, வாய் வழியாகப் போனால் பழகிக்கொள்கிறது என்று விளக்குகிறார்கள். கரப்பான் அதிகமாக இருந்தால் டாக்டர் சோதித்த பிறகுதான் தொடங்கவேண்டும், அதுவும் முழுக்கடலையாக இல்லாமல் குழைத்து. இதைத் தம்பியிடம் சொல்லிவிடு.

என் பக்கம் எல்லோரும் நலம். அம்மா முழங்கால் வலியோடு நடக்கிறாள், ஆனாலும் நடையை விடவில்லை. உன்னைக் கேட்டாள்.

கவிதா எந்தத் தேதியில் கோதுமையை நிறுத்தினாள் என்று அவளிடம் கேட்டு உடனே எழுது. இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தால், நாளைக்கே இரத்தம் கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடு.

அன்புடன்,
மல்லிகா