மோட்டாரை உருட்டிக்கொண்டு வந்தவருக்கும் மற்றவர்களுக்கும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து அன்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் என் ஆயிரமாவது வரியை அனுப்பிவிட்டேன். வெளிச்சம் கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்ணால் மதிப்பிட்டு, நாள், நேரத்தோடு எழுதி அனுப்பும் ஒற்றை வரி அது. 1911 முதல் இந்தக் கணக்கைச் சேர்த்துவரும் அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்தின் பதிவில் ஆயிரம் வரியும் என் ஒருவன் பெயரில்தான் இருக்கின்றன. அதுதான் உறுத்துகிறது.

இதை ஆரம்பித்து வைத்தவர் எங்கள் தோட்டத்து லயத்துப் பாட்டி. 2019 டிசம்பர் கடைசி, எல்லோரும் சூரிய கிரகணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த வாரம். மார்கழிப் பூசைக்கு விடியற்காலையில் நடந்துபோகும்போது மேற்கே பார்த்து நின்றார். "தம்பி, திருவாதிரை ஏன்டா இப்படிச் சோர்ந்து கெடக்கு?" பால் வெட்டப் போன காலமெல்லாம் மீனைப் பார்த்தே மணி சொன்னவர். நான்தான், பாட்டிக்குக் கண் புரை என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரவு பார்த்தால், எப்போதும் ரோகிணியை மிஞ்சி நிற்கும் திருவாதிரை அதைவிட மங்கிக் கிடந்தது. பிப்ரவரியில் பக்கத்துப் பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கே இறங்கிவிட்டது. அந்த மீன் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்தது என்று பின்னால் ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். பாட்டிக்கு நன்றியும் மன்னிப்பும்.

அப்புறம் தோட்டத்துக் காவல்காரர், எங்கள் ஜாகா அண்ணன். வேலைக்கு ஆள் கூடும் பழைய பெரட்டுக் களத்தில்தான் நான் நாற்காலி போடுவேன். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு மோட்டார் விளக்கு முகத்தில் பட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. முதல் மாதம் இரண்டு முறை அப்படி ஆனது. விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து ஆந்தைக் கூண்டு இருக்கும் வளைவிலேயே என்ஜினையும் விளக்கையும் அணைத்துவிட்டு, வண்டியை இருட்டில் உருட்டிக்கொண்டு வருகிறார். சரளைக் கல்லில் சக்கரம் நெரியும் சத்தம் கேட்டால் மணி ஒன்று என்று எனக்குத் தெரியும். ஐந்து வருடமாக உருட்டுகிறார். அந்த வழியில் பாம்பு உண்டு என்பது அவருக்கும் தெரியும்.

கோயில் கமிட்டியாருக்கும் நன்றி. திருவிழா இல்லாத நாட்களில் பத்து மணிக்குக் கோபுர விளக்கை அணைக்க ஒப்புக்கொண்டார்கள். கரண்டு பில்லும் குறைந்தது என்று கேள்வி, அதில் எனக்குப் பங்கு வேண்டாம்.

வேலை என்னவோ எளிதுதான். பார்க்கவேண்டிய மீனைவிடக் கொஞ்சம் பிரகாசமான ஒன்று, கொஞ்சம் மங்கலான ஒன்று, இரண்டுக்கும் நடுவே இது எங்கே நிற்கிறது என்று சொல்லவேண்டும். இரண்டு அண்ணன்மாருக்கு நடுவே தம்பியை நிறுத்தி உயரம் பார்ப்பது மாதிரி. மீனின் வெளிச்சத்துக்கு ஓர் எண் உண்டு, எண் கூடக்கூட மீன் மங்கல். வரைபடத்தில் 5.6 என்பதை 56 என்றுதான் போட்டிருப்பார்கள், புள்ளி வைத்தால் அதையும் ஒரு மீன் என்று நினைத்துவிடுவோமாம். எனக்குப் புள்ளி இல்லாமலேயே குழப்பம் வந்தது. ஆர் கரினே என்ற மீன் ஏறக்குறைய பத்து மாதத்தில் நான்கிலிருந்து பத்து வரை இறங்கி ஏறும். நானோ மூன்று மாதம் பக்கத்து மீனையே பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். பினாங்குத் தம்பி ஒருவர்தான் கேட்டார்: "அண்ணே, உங்க மீன் மட்டும் ஏன் அசையவே மாட்டேங்குது?" இருபத்தொரு வரியை நீக்கினேன். ஆயிரம் என்பது அது போக மிச்சம். ஊரறியக் கேலி செய்யாமல் தனியாக அழைத்துச் சொன்ன தம்பிக்கு நன்றி.

என் பைனாகுலர் கீழே விழுந்து எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தபோது, பசார் பக்கத்துக் கைக்கடிகாரக் கடை முதலாளி, நம் தவுக்கே, அதைத் திறந்து கண்ணாடியை நேராக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, நிலாவைக் காட்டு என்றார். இன்னும் காட்டவில்லை, தவுக்கே. தெளிந்த வானத்துக்காக ஷிப்டை மாற்றிக்கொண்ட ஆலை நண்பர்கள், பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றி வைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே படுக்கப்போன என் வீட்டுக்காரம்மா, டார்ச்சுக்குச் சுற்றச் சிவப்புத் தாள் வெட்டித் தந்த மகன். எல்லோருக்கும்தான்.

கடைசியாகத் தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு. பிள்ளைகளிடம் பேச அழைத்தீர்கள். 1867இல் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி ஒரு மாறும் விண்மீன் என்று கண்டுபிடித்த கதையைச் சொன்னேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, "அத இங்கேருந்து பாக்கலாமா?" என்றது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நம் ஊரில் அது தெற்கே 22 பாகைக்கு மேல் ஏறாது, செம்பனை மறைத்துவிடும். சுமார் 278 நாளுக்கு ஒரு முறை உச்சத்துக்கு வரும்போதுதான் என் பைனாகுலருக்கு எட்டும். களத்தில் நின்றால் தெரியாது. கன்று நட்ட தெற்கு வரப்பில் நின்றால் தெரியும். அங்கே நிற்க அனுமதி தந்த தோட்ட மேனேஜருக்கு நன்றி.

அடுத்த உச்சத்துக்கு அந்தப் பிள்ளையும் ஆசிரியையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜாகா அண்ணே, அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் தூரம் உருட்டவேண்டியிருக்கும்.