ஸ்டீராய்டு எழுதும் முன் எங்களுக்குப் புழு இருக்கிறதா என்று பாருங்கள்

எங்கள் தோட்டப் பகுதிக்குப் பொறுப்பான சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். கேரளத்தின் பீர்மேட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, உங்களுக்குத் தெரியும். எங்கள் கக்கூஸ்களின் நிலைமையும் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் அத்தை போன மாதம் இறந்துவிட்டார். நிணநீர்ப் புற்றுநோய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கடைசியில் உயிரை எடுத்தது புழு. கீமோவோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். சில வாரங்களில் வயிறு உப்பியது, மூச்சு வாங்கியது, ரத்தத்தில் கிருமி பரவியது. சளியைப் பரிசோதித்தபோது புழு நெளிந்தது. ஸ்ட்ராங்கைலாய்ட்ஸ் என்றார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அந்தப் புழு நேற்று வந்ததல்ல. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அத்தைக்கு இடுப்பிலும் தொடையிலும் கோடு கோடாகத் தடிக்கும். சாயங்காலம் ஓரிடத்தில் இருந்த கோடு, ராத்திரி படுக்கப்போகும்போது நாலு விரல் தள்ளிப் போயிருக்கும். தேயிலைக்கு அடிக்கிற மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் கொழுந்து எடுக்கப் போய்விடுவார். டிஸ்பென்சரியில் வயிற்று வலிக்கு கேஸ் மாத்திரை, அரிப்புக்குக் களிம்பு. எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளிலெல்லாம் ஈசினோபில் (புழு இருந்தாலும் அலர்ஜி இருந்தாலும் கூடும் ஒருவகை ரத்த வெள்ளணு) கூடுதல் என்றுதான் இருக்கிறது. அலர்ஜி என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு தடவைகூட மலப் பரிசோதனைக்கு எழுதவில்லை.

மற்றக் குடற்புழுக்கள் சில வருடங்களில் செத்துப்போகும். இது அப்படியல்ல. வெறுங்காலில் மண்ணை மிதிக்கும்போது தோல் வழியாக ஏறி, நுரையீரல் வழியே குடலுக்குப் போய், அங்கேயே குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகள் அதே உடம்புக்குள் திரும்பவும் நுழைகின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவத்துக்காக சயாம்–பர்மா ரயில் பாதை போட்ட போர்க் கைதிகள் பலரின் உடம்பில் 30, 40 வருடம் கழித்தும் இந்தப் புழு இருந்தது. அதே சேற்றில் வேலை செய்த தமிழ்க் கூலிகளை யாராவது கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

புழுவினால்தான் புற்றுநோய் வந்ததா என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். அப்படி நான் சொல்லவில்லை. புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்த ஒட்டுண்ணிகள் மூன்று: கல்லீரல் தட்டைப் புழுக்கள் இரண்டு, சிறுநீர்ப்பையைத் தாக்கும் ரத்தப் புழு ஒன்று. எங்கள் புழு அதில் இல்லை. எச்.டி.எல்.வி.-1 வைரஸும் இதுவும் ஒரே உடம்பில் சேர்ந்தால் ஒருவகை ரத்தப் புற்றுநோய் சீக்கிரம் வரக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அது இன்னும் முடிவாகவில்லை. முடிவாகும்போது ஆகட்டும். புழு இருப்பவருக்குப் பரிசோதிக்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பெங்கும் பரவிக் கொல்லக்கூடும் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லையே. மருத்துவப் பாடத்தில் இருக்கிற விஷயம் இது. எங்கள் ஆட்களிடம் மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 1 முதல் 19 வயதுவரை அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரை கொடுக்கிறீர்கள், நல்லது. ஆனால் அந்த ஒரு மாத்திரைக்கு இந்தப் புழு சரியாக அடங்காது. இருபது வயதுக்கு மேல் கொழுந்துக் கூடை சுமப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. ஐவர்மெக்டின்தான் இதற்கு மருந்து. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015-லேயே நோபல் பரிசு கொடுத்தாயிற்று. விலையும் அதிகமில்லை. இந்த நோய் பரவலாக உள்ள இடங்களில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் சொல்லியிருக்கிறது. எங்கள் இடத்தில் பரவலாக உள்ளதா இல்லையா என்று பார்த்தால்தானே தெரியும்?

கக்கூஸ் குழி நிறைந்து லயத்துக்குப் பின்னால் வழிகிறது. கம்பெனியைக் கேட்டால் பஞ்சாயத்து என்கிறது, பஞ்சாயத்தைக் கேட்டால் கம்பெனி என்கிறது. குடியிருப்பும் கழிப்பறையும் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று 1951-லேயே சட்டம் எழுதினார்கள். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்த வழியாக நடக்கிறார்கள். இதெல்லாம் உங்கள் ஒருவர் கையில் இல்லை என்பது தெரியும். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருப்பதை மட்டும் தாழ்மையுடன் கேட்கிறேன். தோட்டத்து ஆட்களுக்கு ஸ்டீராய்டோ கீமோவோ தொடங்கும் முன் இந்தப் புழுவுக்குப் பரிசோதனை செய்யச் சொல்லி எல்லா மருத்துவர்களுக்கும் எழுத்தில் உத்தரவு கொடுங்கள். ஒருநாள் மலத்தில் தெரியாமல் போகலாம்; பல நாள் எடுத்துப் பார்க்க வேண்டும், முடிந்தால் ரத்தத்திலும் பார்க்க வேண்டும். பரிசோதனைக்கு வழியில்லாத அவசரத்தில் மருந்தையாவது முதலில் கொடுங்கள். அதற்கு ஐவர்மெக்டின் டிஸ்பென்சரியில் இருக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு ஆஸ்துமா. அத்தையோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர். குளிர்காலம் வந்தால் அவருக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எழுதுவார்கள். அதற்கு முன் உங்கள் உத்தரவு வந்துசேர வேண்டும்.

இப்படிக்கு,
லயத்தில் வளர்ந்த ஒரு தொழிலாளியின் மகன்