சங்கத்தின் ஆண்டறிக்கை: செயலாளர் சமர்ப்பிப்பது

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். டெடி பொம்மை சேகரிப்போரான நம் சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. கண்காட்சி நடந்தது, குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிக நேரம் நின்று பார்த்தார்கள். மூட்டு தளர்ந்த பொம்மைகளைச் சரிசெய்யும் பயிற்சியும் நடந்தது. பொம்மைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் நிகழ்ச்சி, போதிய பேர் வராததால் தள்ளிவைக்கப்பட்டது. மற்ற விவரங்கள் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளன.

இந்த ஆண்டின் பெரிய வேலை பதிவேடு. ஒவ்வொரு உறுப்பினரிடமும் உள்ள ஒவ்வொரு கரடிக்கும் ஒரு தாள். உயரம் எவ்வளவு, ரோமம் மொஹேர் என்ற ஆட்டு ரோமமா செயற்கை இழையா, உள்ளே அடைத்திருப்பது மரச்சுருளா, இலவம்பஞ்சா, பாலியெஸ்டரா, கண்கள் பூட்ஸ் பொத்தானா கண்ணாடியா பிளாஸ்டிக்கா, முதுகில் திமில் இருக்கிறதா, சாய்த்தால் உறுமுகிறதா, காதில் பொத்தானோ சீட்டோ உண்டா என்று வரிசையாக எழுத வேண்டும். கடைசியில் ஒரு பெரிய கட்டம்: இந்தப் பொம்மை முதலில் யாருடையது, உங்களிடம் எப்படி வந்தது, அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு முக்கியம் அந்தக் கட்டம்தான்.

இதெல்லாம் எதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அதற்கான பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். டெடி கரடி எப்படிப் பிறந்தது என்று நம்மில் எல்லோருக்கும் தெரியும். 1902 நவம்பரில், 'டெடி' என்று செல்லமாக அழைக்கப்பட்ட அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போனபோது, கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்தார். கிளிஃபோர்ட் பெரிமேன் அதைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். அதைப் பார்த்து புரூக்ளினில் மாரிஸ் மிச்டமும் அவர் மனைவி ரோஸும் ஒரு துணிக்கரடி செய்து கடையில் வைத்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியின் கீங்கன் ஊரில், மார்கரெட் ஸ்டைஃபின் நிறுவனத்துக்காக அவருடைய தம்பி மகன் ரிச்சர்ட், கை கால் அசையும் '55 பிபி' என்ற கரடியை வடிவமைத்தார். 1903இல் லைப்சிக் பொம்மைச் சந்தையில் ஓர் அமெரிக்க வியாபாரி அதில் 3,000 வேண்டும் என்று கேட்டார் என்பது வரலாறு. ஆனால் அந்த 55 பிபியில் ஒன்றுகூட இன்று எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. பெயர் பெற்ற நிறுவனத்தின் பொம்மைக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டு அலமாரியில் இருப்பவை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுபக்கமும் உண்டு. 'டெடி கேர்ள்' என்ற 1904ஆம் ஆண்டு ஸ்டைஃப் கரடி, 1994இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1,10,000 பவுண்டுக்குப் போனது. அது பழைய, அருமையான கரடி என்பது உண்மைதான். ஆனால் கர்னல் பாப் ஹெண்டர்சன் அதைச் சிறுவயது முதல் வாழ்நாள் முழுக்கத் தன்னோடு வைத்திருந்தார் என்ற கதையும் அதோடு சேர்ந்தே போனது. விலைக்காக இதைச் சொல்லவில்லை. நம்மில் யாரும் விற்பதற்காகச் சேர்க்கவில்லை என்று நம்புகிறேன்.

பதிவேட்டுக்காக நடந்த அமர்வுகளைப் போல மகிழ்ச்சியான நேரம் இந்தச் சங்கத்தில் எனக்கு வேறு வாய்த்ததில்லை. மேசைமேல் கரடியைப் படுக்கவைத்து, எல்லோரும் சுற்றி நின்று பார்ப்போம். மூக்கின்மேல் மட்டும் ரோமம் தேய்ந்திருந்தால் முத்தம் வாங்கிய கரடி. ஒரு கை மட்டும் தொய்ந்திருந்தால் அந்தக் கையைப் பிடித்தே யாரோ இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அழுத்தினால் மொறுமொறுவென்று சத்தம் வந்தால் உள்ளே மரச்சுருள். மெத்தென்று இலேசாக இருந்தால் இலவம்பஞ்சாக இருக்கலாம். முகத்தின் நடுவே நேராக ஒரு தையல் ஓடினால், துணியை வீணாக்காமல் இருக்க இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. அந்த முகத்துக்குத் தனிக் களை உண்டு.

மூத்த உறுப்பினர் ஒருவர் தம் அக்காவின் கரடியைக் கொண்டுவந்தார். சாதாரணப் பொம்மைதான் என்று சொல்லிப் பையைவிட்டு வெளியே எடுக்கவே தயங்கினார். இடது காதில் சின்ன ஓட்டை இருந்தது. ஸ்டைஃப் நிறுவனம் 1904 முதல் காதில் பொத்தான் வைக்கிறது. குழந்தை விழுங்கிவிடும் என்று பயந்து அதைப் பிடுங்கி எறிந்த பெற்றோர்கள் ஏராளம். ஓட்டையை மட்டும் வைத்து ஸ்டைஃப் என்று எழுதக்கூடாது, எழுதவும் இல்லை. ஆனால் அன்று அவர் தம் அக்காவைப் பற்றிப் பேசிய பேச்சு முழுவதும் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன்.

புறஊதா விளக்கு வாங்கியது வீண் செலவு என்று ஒரு பேச்சு அடிபடுவதாக அறிகிறேன். இருட்டில் அந்த ஒளியைக் காட்டினால் பல செயற்கை நூல்களும், இந்தக் காலத்துச் சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டிகளும் பளிச்சென்று நீலமாக ஒளிரும். நூற்றாண்டுப் பழமை என்று சொல்லி விற்கப்படும் கரடியின் தையல் முழுக்க அப்படி ஒளிர்ந்தால் யோசிக்க வேண்டும். பழைய கரடியை அண்மையில் துவைத்திருந்தாலும் ஒளிரும் என்பதால் இது ஒன்றே சான்றாகாது. ஆனாலும் ஏமாறாமல் இருக்க நம்மிடம் இருக்கும் நல்ல கருவி இது. விளக்கு சங்கத்தின் சொத்து. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இதுவரை யாரும் கேட்கவில்லை.

இனி வருத்தமான விஷயம். தாள்கள் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டன. நிரப்பித் திரும்ப வந்தவை பாதிகூட இல்லை. ஆண்டு முழுவதும் எந்தக் கூட்டத்துக்கும் வராத உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் மிகப் பழைய கரடிகள் இருக்கின்றன. நேரில் வந்து எழுதித் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். அடுத்த வாரம், அப்புறம் பார்க்கலாம் என்ற பதில்தான் வந்தது. இதற்கிடையில் ஓர் உறுப்பினர் மரச்சுருள் அடைத்த கரடியைத் துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டார். மரச்சுருள் ஊறி உருக்குலைந்து, உறுமல் பெட்டியும் போனது. இன்னொருவர் வீட்டில் அந்துப்பூச்சி விழுந்து அலமாரி முழுக்கப் பரவியது. புதிதாக வரும் பொம்மையைப் பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகும் குளிர் முழுக்கப் போகும்வரை பையைத் திறக்காமல் விட வேண்டும் என்று கூட்டத்தில் விளக்கமாகச் சொல்லியிருந்தோம். வந்திருந்தால் கேட்டிருப்பார்கள். அந்த இருவரின் கரடிகளுக்கும் பதிவேட்டில் தாள் இல்லை என்பதுதான் என் மனதை அறுக்கிறது.

வரவு செலவு பற்றிப் பொருளாளர் தனியாகச் சொல்வார். சுருக்கமாகச் சொன்னால், வரவு போன ஆண்டைவிடக் குறைவு, செலவு ஏறத்தாழ அதே அளவு, கையிருப்பு இருக்கிறது. பதிவேட்டுத் தாள், அச்சு, விளக்கு ஆகியவற்றுக்கான ரசீதுகள் முறையாக இருக்கின்றன. வரவு குறைந்ததற்குச் சந்தா நிலுவையே காரணம். பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும். ஏலங்களில் உற்சாகமாகக் கலந்துகொள்கிறவர்களும் அந்தப் பட்டியலில் இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், கூட்டத்துக்கு இடம் கொடுத்தவர்களுக்கும், கண்காட்சியில் மேசை நாற்காலி தூக்கிய இளைஞர்களுக்கும், பயிற்சி நடத்தியவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு பதிவேட்டை முடித்து, ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும் ஒரு படி இருக்கும்படி அச்சிட வேண்டும் என்பது என் விருப்பம். சந்தா வந்தால் அச்சு, தாள்கள் வந்தால் பதிவேடு. ஒருவரே எல்லாவற்றையும் எழுதுவது கடினம். கையெழுத்து நன்றாக இருக்கும் இருவர் மாதம் ஒரு மாலை ஒதுக்கினாலே போதும். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தாலும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். பதிவேட்டுப் பணி மட்டும் தொடர வேண்டும். நிரப்பாத தாள்கள் வாசல் பக்க மேசையில் இருக்கின்றன, பேனாவும் இருக்கிறது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்