குட்டிப் பிள்ளைகளின் பந்தாட்டத்துக்கு இடம் விட்ட எல்லாருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

ஈஸ்டர் சமயத்தில் தொடங்கின சனிக்கிழமை ஆட்டம் போன வாரத்தோடு முடிந்தது. ஆறு வயதிலிருந்து ஒன்பது வரைக்கும் உள்ள பிள்ளைகள், ஆணும் பெண்ணும் கலந்து, அணிக்கு நாலு பேர், கோல்கீப்பர் கிடையாது, கப்பும் கிடையாது. மேடை போட்டு நன்றி சொல்லலாம் என்று ஒருத்தர் சொன்னார். மைக் செட்டுக்குக் கொடுக்கிற காசில் இன்னும் நாலு பந்து வாங்கிவிடலாம், அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெரிய பையன்களுக்கு. குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் சாயங்காலம் மைதானம் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னாலும் புரியாது. ஆழ்கடலில் வாரக்கணக்காகக் கிடந்துவிட்டு ஈஸ்டருக்குக் கரையேறுகிறவனுக்குப் பந்து தட்டக் கிடைப்பதே அந்தக் கொஞ்ச நாள்தான். அதிலேயும் சனிக்கிழமை நாலரையிலிருந்து ஆறு மணி வரை மைதானத்தை அப்படியே விட்டுக்கொடுத்தார்கள். விட்டதோடு போகாமல், அடுத்த வாரத்திலிருந்து ஆளுக்கொரு விசிலோடு வந்து நின்றார்கள். "ஆஃப்சைடு இல்ல, த்ரோ இல்ல, பின்ன நான் எதுக்கு?" என்று கேட்ட அண்ணன்தான் கடைசியில் எல்லா மைதானத்துக்கும் ஓடி ஓடி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் பாதிப் பேர் இப்போது மறுபடி கடலில் இருப்பீர்கள், சிக்னல் கிடைக்கும்போது படித்துக்கொள்ளுங்கள்.

வலை பின்னுகிற மாமாக்களுக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். கோல் போஸ்ட்டுக்கு பிவிசி குழாய் வாங்கியாயிற்று, வலைக்குக் காசில்லை. கழித்துப் போட்ட வலை ஒன்றைக் கொண்டுவந்து கட்டினார்கள், கண்ணி பெரிசு, பிள்ளைகள் கால் உள்ளே போய் மாட்டியது. மறுநாளே அவிழ்த்துவிட்டு சின்னக் கண்ணி வலை மாற்றினார்கள். அதையும் இழுத்துக் கட்டாமல் தொங்கலாக விட்டார்கள். ஏன் மாமா என்று கேட்டால், "பந்து தெறிச்சு வெளிய வரப்பிடாது மக்ளே, உள்ள கிடக்கணும், அப்பத்தான் சின்னக் கொச்சனுக்கு கோல் அடிச்ச மாதிரி இருக்கும்" என்றார். எட்டு கோலுக்கும் இதே மாதிரி.

எட்டு என்றால், இருக்கிற ஒரே மைதானத்தை நாலாகப் பிரித்தோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். பந்து மூன்றாம் நம்பர். பெரியவர்கள் அடிக்கிற ஐந்தாம் நம்பர் பந்து 410 கிராமுக்குக் குறையாது, அதை ஏழு வயதுக் காலில் கொடுத்தால் பிள்ளை பந்தை உதைக்கிறதா, பந்து பிள்ளையை உதைக்கிறதா என்று தெரியாது. பந்துக்கு முழுப்பணமும் அனுப்பிய வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு நன்றி. கணக்கு நூலகத்து நோட்டில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

அப்புறம் நம்ம பழைய கோச். "பதினொண்ணு பேர் இல்லாம என்ன பந்து, இது சும்மா குழந்தைக் கூத்து" என்று முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டவர். இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் இந்திய அணி வரை போன பிறகு, நம் ஊரில் அப்பாமாருக்கும் கோச்மாருக்கும் அவசரம் கூடிவிட்டது, அதைக் குறை சொல்ல முடியாது. நானும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பே 2018-ல் பேபி லீக் என்று சின்ன அணிகளாகத்தான் ஆடவைக்கத் தொடங்கியது, ஜெர்மனியில் 2024-25 சீசனிலிருந்து குட்டிப் பிள்ளைகளுக்கு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று கட்டாயமே ஆக்கிவிட்டார்கள், அமெரிக்காவில் பத்து வயது வரை தலையால் முட்டவே விடுவதில்லை என்றேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் அவரே ஒரு காரியம் செய்தார். எப்போதும் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிற ஒரு சின்னப் பெண்ணைக் குறிவைத்து, அவள் காலில் பந்து எத்தனை தடவை படுகிறது என்று விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். முதல் பாதி முடிவதற்குள் இரண்டு கை விரலும் தீர்ந்துபோய் எண்ணுவதை விட்டுவிட்டார். ஒன்றும் பேசவில்லை, அடுத்த வாரம் சொந்தச் செலவில் கோன் வாங்கி வந்தார். சார், அந்தக் கோனுக்கு நன்றி. எண்ணினதுக்கு அதைவிடப் பெரிய நன்றி.

கான்வென்ட் சிஸ்டர்மாருக்கு: பள்ளிக்கூடக் கழிப்பறையைச் சனிக்கிழமையும் திறந்துவைத்தீர்கள். கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கும், ஆனால் அந்தக் கதவு திறந்த பிறகுதான் பெண் பிள்ளைகள் கூடுதலாக வந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தில் குனிந்தபடியே நடந்து சிப்பியும் குப்பிச்சில்லும் பொறுக்கின மகளிர் குழு அக்காமாருக்கும், வாரம் ஒரு குலை மட்டிப்பழம் கொடுத்துவிட்டுக் காசைக் கையில் வாங்காத கடைக்கார மாமிக்கும் நன்றி.

பெற்றோர்களே, உங்களைத்தான் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் உங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். கைதட்டலாம், "பாஸ் போடு, அடி, திரும்பு" என்று கத்தக் கூடாது என்ற விதியைப் போட்டபோது எனக்கே நம்பிக்கையில்லை. ஒரு அம்மா ஆட்டம் முழுக்கத் துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு நின்றதை எல்லாரும் பார்த்தோம். ஒரு அப்பா கோட்டோரம் மைதானம் முடியும் வரை கூடவே ஓடினார், சத்தம் மட்டும் வரவில்லை. எத்தனைக்கு எத்தனை என்று நாங்கள் எழுதிவைக்காததில் சிலருக்கு வருத்தம் உண்டு, தெரியும். பிள்ளைகள் அவர்களே கணக்கு வைத்துக்கொண்டார்கள், இரண்டு அணியும் ஜெயித்ததாகச் சண்டை போட்டார்கள், பழம் வந்ததும் விட்டுவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் போகட்டும், மழையைப் பார்த்துக்கொண்டு மறுபடி தொடங்கலாம். பச்சை ஜெர்சி மூன்று இன்னும் திரும்பி வரவில்லை. யார் வீட்டுக் கொடியிலாவது கிடந்தால் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள், துவைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
சனிக்கிழமை ஆட்டக்காரர்கள் சார்பில்