டாங்கோவும் மோதகமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமையல் பக்கத்தில் ஜப்பானியரின் அரிசிமாவு உருண்டையான ‘டாங்கோ’ பற்றி வந்த குறிப்பில், அந்தச் சொல்லுக்கு ‘உருண்டைக் குழந்தை’ என்று பொருள் தந்திருந்தீர்கள். ‘டான்’ என்றால் உருண்டை, அது சரி. ‘கோ’ என்ற எழுத்துக்குக் குழந்தை என்ற பொருளும் உண்டுதான், ஆனால் இங்கே அது வெறும் விகுதி. தொப்பி, நாற்காலி என்பவற்றுக்கான ஜப்பானியச் சொற்களும் இதே எழுத்தில்தான் முடிகின்றன.

சொல்லின் பிறப்பு நம் பிள்ளையார் வரை வருகிறது. மோதகம் என்றால் மகிழ்ச்சி தருவது. சீனத்தில் அதை ‘மகிழ்ச்சி உருண்டை’ என்று பெயர்த்தார்கள்; ஜப்பானில் அது ‘கான்கிடான்’. அங்குள்ள யானைமுகக் கடவுளான காங்கிடெனுக்கு உரிய படையல் அது. கியோட்டோவில் இன்றும் பயற்றுப் பூரணம் வைத்து, வாயைச் சுருக்கிய பணமுடிப்பு போல மடித்து, நல்லெண்ணெயில் பொரிக்கிறார்கள். இந்தப் பண்டத்துக்கு ‘டாங்கி’ என்றும் பெயர். அதுவே திரிந்து டாங்கோ ஆயிற்று என்பது சொல்லாய்வாளர் தரும் விளக்கங்களில் ஒன்று. எனக்கு ஏற்புடையதும் அதுதான்.

பச்சைத் தண்ணீரில் பிசையச் சொன்ன செய்முறைப் பிழையையும் திருத்த வேண்டும். பச்சரிசி மாவில் பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் உருண்டை வெடிக்கும், கொதிநீரில் போட்டதும் கரையும். அரிசியில் கோதுமை போல இழுவை கிடையாது. சூட்டில் மாவு பாதி வெந்தால்தான் பசை பிடிக்கும். ராகிக்களி கிண்டும் நம் தருமபுரிப் பக்கத்து வீடுகளில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 200 கிராம் உலர்ந்த மாவுக்குக் கொதிக்கும் தண்ணீர் 170 மில்லி அளவு, அதையும் சிறிது சிறிதாக விட வேண்டும். இடித்த ஈர மாவென்றால் இன்னும் குறைவு. காது மடலின் நுனியைத் தொட்டுப் பார்த்து அந்த மென்மைக்குப் பிசைவது ஜப்பானியர் வழக்கம். பிறகு கிள்ளி வைத்து 20 நிமிடம் ஆவியில் வேகவிட்டு, சூடு ஆறுமுன் கையை நனைத்துக்கொண்டு மறுபடி பிசைந்து உருட்ட வேண்டும். இந்த இரண்டாம் பிசைவை விட்டால் உருண்டை மாவு மாவாக இருக்கும். பச்சைத் தண்ணீர் ஒட்டரிசி மாவுக்குத்தான் பொருந்தும்.

ஜப்பானின் ஒகாயாமா பகுதியில் ‘கிபி டாங்கோ’ என்று ஒன்று உண்டு. கிபி என்பது அந்த வட்டாரத்தின் பழைய பெயர்; நம் பனிவரகுக்கும் ஜப்பானியத்தில் கிபி என்றே பெயர். அங்கே ஒட்டும் ரகம் உண்டு. நம் கடைகளில் கிடைப்பது ஒட்டாதது. அதைத் தனியாகப் பிசைந்தால் உதிரும். பாதிக்குப் பாதி ஒட்டரிசி மாவு சேர்த்தால் உருண்டை நிற்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.