பழைய கணினிப் பிரிவு: 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நன்கொடையாக வரும் பழைய கணினிகளைச் சரிசெய்து விற்பதும், தேறாததைக் கழிவுக்கு அனுப்புவதும் நம் பிரிவின் வேலை. எத்தனை சிஸ்டம் வந்தது, எத்தனை விற்றது, கழிவாக எவ்வளவு எடை போனது என்பதெல்லாம் பொருளாளர் வாசிக்கும் கணக்கில் இருக்கிறது. வேலை எப்படி நடந்தது, எங்கே சிக்கியது, எதை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் இந்த அறிக்கையில் வைக்கிறேன்.

இந்த ஆண்டின் போக்கை ஒரு தேதி தீர்மானித்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை ப்ராசசராவது வேண்டும். அதனால் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த 6, 7ஆம் தலைமுறை சிஸ்டங்களை அலுவலகங்கள் மொத்தமாக ஒதுக்கின. நம்மிடம் வந்தவற்றில் பாகம் கெட்டதைவிட, கெடாமலே ஒதுக்கப்பட்டதுதான் கண்ணில் அதிகம் பட்டது.

தரம் பிரித்தல்

மேசைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது ப்ராசசர் எண்ணை. ஐ5-6500 என்றால் 6ஆம் தலைமுறை, ஐ5-8400 என்றால் 8, ஐ5-10400 என்றால் 10. எட்டும் அதற்கு மேலும் விண்டோஸ் 11 வரிசைக்குப் போகும். 3 முதல் 7 வரை லினக்ஸ் மின்ட் எக்ஸ்எப்சிஇ என்ற இலவச, இலகுவான இயங்குதளம்; 8 ஜிபி ராமும் 240 ஜிபி எஸ்எஸ்டியும் (சுழலும் தகடு இல்லாமல் சில்லில் சேமிக்கும் டிஸ்க்) போட்டால் வீட்டுக்கும் பள்ளிப் படிப்புக்கும் தாராளம். தமிழ்99 விசைப்பலகையை அமைத்து, ‘அ’ அடித்தால் ‘அ’ வருகிறதா என்று பார்த்த பிறகே விற்பனை அலமாரியில் வைக்கிறோம். இந்தத் தலைமுறைக் கணக்குக்கே முந்திய கோர் 2 டுவோ ப்ராசசரும் அதற்கு முந்தையவையும் உதிரிப் பாகத்துக்கும் மறுசுழற்சிக்கும் மட்டும்.

ராமைக் குப்பையில் போடாதீர்கள் என்று தன்னார்வலர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 2025இன் பிற்பகுதியில் ராம் விலை கடுமையாக ஏறியதால், செத்த மதர்போர்டிலிருந்து கழற்றிய 8 ஜிபி டிடிஆர்4 குச்சியே ஒரு சிஸ்டத்தை விற்கத்தக்கதாக மாற்றியது. டெஸ்க்டாப் டிடிஆர்3க்கு 240 கால்கள், டிடிஆர்4க்கு 288. வெட்டு இருக்கும் இடமும் வேறு. உட்காரவில்லை என்றால் அழுத்தக் கூடாது. 6ஆம் தலைமுறை போர்டுகளில் இரண்டு வகையும் உண்டு என்பதால் ப்ராசசரை மட்டும் பார்த்து ராம் எடுத்தால் தவறும்.

திரை வராமல் பீப் மட்டும் அடித்தால், நம் ஊர் உப்புக் காற்றில் பெரும்பாலும் அது ராமின் தங்க முனையில் படிந்த கறைதான். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டினால் பாதி ‘செத்த’ சிஸ்டங்கள் எழுந்துவிடுகின்றன. தேதி அழிந்தால் சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் போதும். வெள்ளத்தில் நனைந்த தடம் உள்ள கேபினெட்டை மட்டும் கரண்டில் செருகவே கூடாது. அதன் மின்வழங்கிப் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காமல் அப்படியே கழிவுக்கு அனுப்புகிறோம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும்.

பூட்டோடு வரும் லேப்டாப்கள்

இந்த ஆண்டு அதிகம் நேரம் தின்றது இதுதான். டெஸ்க்டாப்பில், விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸின் பாஸ்வேர்டை மதர்போர்டில் உள்ள ஜம்பரை மாற்றியோ மேலே சொன்ன சிஆர்2032 பேட்டரியைக் கழற்றியோ பெரும்பாலும் நீக்கிவிடலாம். வணிக வகை லேப்டாப்களில் அது தனிச் சில்லில் பதிந்திருக்கும். பேட்டரியை எத்தனை நாள் கழற்றி வைத்தாலும் போகாது. இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. நிறுவனம் தன் லேப்டாப்பை மைக்ரோசாப்ட்டின் நிறுவனப் பதிவு முறையான விண்டோஸ் ஆட்டோபைலட்டில் பதிந்திருந்தால், டிஸ்க்கையே மாற்றிப் புதிதாக விண்டோஸ் போட்டாலும், இணையத்தில் இணைந்ததும் அந்த நிறுவனத்தின் லாகின் திரை வந்து நிற்கும். 2018க்குப் பிந்தைய மேக்புக்குகளில், ஆப்பிள் கணக்கோடு பூட்டும் ஆக்டிவேஷன் லாக்கும் அதே வேலையைச் செய்யும். இந்தப் பூட்டுகளை நீக்க, பெரும்பாலும் லேப்டாப்பைக் கொடுத்தவரால்தான் முடியும். வண்டி புறப்பட்டுப் போன பிறகு அவர்களைப் பிடிப்பது பெரும் பாடு.

தரவை அழித்தல்

ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன், டேலி கணக்கு, பள்ளி அலுவலகத்தின் மாணவர் பட்டியல் எல்லாம் இருக்கும் டிஸ்க்கை நம்மை நம்பித்தான் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கை போனால் இந்தப் பிரிவையே மூடிவிடலாம். ஆகவே நமக்கு ஒரே விதி: அழித்ததற்கான பதிவும் சரிபார்த்தவர் கையொப்பமும் டிஸ்க்கின் சீரியல் எண்ணோடு ஏட்டில் ஏறாமல் எதுவும் அறையை விட்டு வெளியே போகாது.

க்விக் பார்மட் அழிப்பு அல்ல. அது கோப்புகளின் அட்டவணையை மட்டும் துடைக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே அவற்றை எடுத்துவிடும். சுழலும் டிஸ்க்குக்கு டிஸ்க் அழிக்கவே உள்ள ஷ்ரெட்ஓஎஸ்ஸைப் பென் டிரைவிலிருந்து துவக்கி, அதில் உள்ள என்வைப் மென்பொருள் மூலம் ஒரு முறை முழுக்கப் பூஜ்யம் எழுதி, பிறகு முழுக்கப் படித்துச் சரிபார்க்கிறோம். 500 ஜிபிக்கு எழுத ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், படிக்கவும் அதே அளவு. மூன்று முறை, ஏழு முறை எழுத வேண்டாமா என்று கொடுப்பவர்கள் கேட்கிறார்கள். இன்றைய டிஸ்க்குகளுக்கு ஒரு முறையே போதும் என்பதுதான் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் 800-88 வழிகாட்டியின் நிலைப்பாடும். அந்தக் கூடுதல் நேரத்தைச் சரிபார்ப்பில் செலவிடுவது மேல். தொடங்கும் முன் எச்டிபார்ம் என்ற லினக்ஸ் ஆணை கொண்டு மறைக்கப்பட்ட பகுதி உண்டா என்று பார்க்க வேண்டும். சில பிராண்டட் சிஸ்டங்களில் டிஸ்க்கின் கடைசிப் பகுதி கணக்கிலேயே வராது.

எஸ்எஸ்டிக்கு இந்த முறை உதவாது. தேய்மானம் சமமாகட்டும் என்று அது தானே எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நாம் எழுதும் பூஜ்யம் தொடாத செல்கள் உள்ளே மிச்சம் இருக்கும். டிரைவுக்கே ஆணையிட்டு அழிக்க வேண்டும்: சாட்டா இணைப்பு வகை என்றால் செக்யூர் எரேஸ், வேகமான என்விஎம்இ வகை என்றால் என்விஎம்இ பார்மட் ஆணையில் பாதுகாப்பு அழிப்பைத் தேர்வது. இங்கே மூன்று இடங்களில் தடுமாறினோம். பயாஸ் பல சமயம் டிரைவை ‘ப்ரோசன்’ (உறைந்த) நிலையில் வைத்து ஆணையை மறுக்கும். சிஸ்டத்தை ஒரு முறை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் பெரும்பாலும் விலகும். யுஎஸ்பி அடாப்டர் வழியாகச் செய்தால் ஆணை டிரைவுக்குப் போய்ச் சேராமலே போகலாம். மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். மூன்றாவது, செக்யூர் எரேஸ் தொடங்க முதலில் ஒரு பாஸ்வேர்டு வைக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் டிரைவ் அந்தப் பாஸ்வேர்டோடு பூட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்தால் டிரைவ் வீணாகும். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, மேசைக்கு மேல் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில், கெட்ட இடங்களைக் காட்டும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளில் எண் ஏறியிருந்தால் அந்த டிஸ்க் விற்பனைக்கு இல்லை. 199 மட்டும் ஏறியிருந்தால் பழுது பெரும்பாலும் கேபிளில், மாற்றிப் பாருங்கள். அழிப்பு பாதியில் நின்ற டிஸ்க்கை ட்ரில் போட்டுத் தகடு துளைக்கிறோம். லேப்டாப் டிஸ்க்கின் தகடு கண்ணாடியாக இருக்கும், சில்லுசில்லாகத் தெறிக்கும்; கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் ட்ரில்லைத் தொடக் கூடாது. எஸ்எஸ்டியில் உறைக்கு நடுவே ஓட்டை போட்டால் சில்லு தப்பிவிடலாம். உறையைத் திறந்து ஒவ்வொரு சில்லையும் உடைக்க வேண்டும்.

டிவிடி டிரைவையும் திறந்து, உள்ளே டிஸ்க் மறந்துபோய்க் கிடக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் இல்லாவிட்டால் நேராக்கிய ஜெம் கிளிப்பை முன்பக்கத் துளையில் குத்தினால் தட்டு வெளியே வரும். லேப்டாப்பின் எஸ்டி கார்டு, சிம் துளைகளிலும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைகளில் இருந்து வரும் பெரிய ஜெராக்ஸ் இயந்திரத்துக்குள்ளும் ஹார்டு டிஸ்க் இருக்கலாம்.

கழிவு

டச்பேட் மேலே தூக்கியிருந்தால் அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். நெம்பாமல் கழற்றி, முனைகளுக்கு டேப் ஒட்டி, உலர்மணல் நிரப்பிய இரும்பு டப்பாவில் வைக்க வேண்டும். பழைய எல்சிடி மானிட்டரின் பின்விளக்குக் குழலில் பாதரசம் உண்டு, உடைக்காமல் அடுக்குங்கள்.

காயலான் கடையில் கையோடு காசு கிடைக்கும் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். அங்கிருந்து போகும் வயர் எங்கோ ஒரு காலி மனையில் தாமிரத்துக்காக எரிகிறது, போர்டு அமிலத்தில் முங்குகிறது. அந்தப் புகையில் நிற்பவர்களில் கூலிக்கு வந்த பிள்ளைகளும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளும் மறுசுழற்சியாளர் போன்ற பதிவு பெற்றவர்களிடமே தரச் சொல்கின்றன. குறைந்த விலை கிடைத்தாலும் அவர்களுக்கே கொடுத்தோம், ரசீதுகள் கோப்பில் உள்ளன.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு வைக்கிறேன். அழிப்பு மேசைக்குத் தனி யுபிஎஸ் வாங்க வேண்டும். கோடையில் கரண்ட் போகும் நேரம் நம் கையில் இல்லை. அடுத்து, பயாஸ் பாஸ்வேர்டும் நிறுவனப் பதிவும் நீக்கப்பட்டதாக எழுதித் தராத லேப்டாப்பை வண்டியில் ஏற்றுவதில்லை என்று நன்கொடைப் படிவத்தில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்